சாக்ஸ்: உறை வடிவம் கச்சிதமாகப் பொருந்துகிறது, படிக அமைப்பு ஒட்டவே இல்லை. எதை நம்புவது?

கரைசல்கிளி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் புரதம் சுத்திகரிக்கிற ஆள். சிறுகோண எக்ஸ்கதிர்ச் சிதறல் (சாக்ஸ்) எனக்குப் புதிது. கையில் இருப்பது 46 கிலோடால்டன் புரதம். இரண்டு டொமைன் (தனித்தனியாக மடிந்த பகுதிகள்), நடுவில் அவற்றை இணைக்கும் சின்ன லிங்க்கர். படிக அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதில் இரண்டு டொமைனும் ஒட்டி உட்கார்ந்து மூடிய நிலையில் இருக்கின்றன. அந்த அமைப்பிலிருந்து கணக்கிட்டால் ஆர்ஜி 2.3 நானோமீட்டர். கரைசலில் அளந்தால் 3.5.

படிக அமைப்பை கிரைசாலில் (அமைப்பிலிருந்து சிதறல் வளைவைக் கணக்கிட்டு அளந்த வளைவோடு ஒப்பிடும் நிரல்) போட்டேன். கை-ஸ்கொயர் (பொருத்தம் எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு, 1 பக்கம் வந்தால் நல்லது) 20-ஐத் தாண்டுகிறது. சரி என்று டாம்மிஃப் (வளைவை மட்டும் வைத்துச் சின்ன மணிகளால் உறை வடிவம் கட்டும் நிரல்) ஓட்டினால் கை-ஸ்கொயர் 1.1! நீளமாக, நடுவில் இடுப்பு சிறுத்த ஓர் உறை வடிவம் வந்தது. டொமைன் இரண்டையும் பிரித்து அதற்குள் வைத்துப் பார்த்தேன், அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கிறது. 'கரைசலில் இந்தப் புரதம் திறந்த நிலையில் இருக்கிறது' என்று எழுதிவிடலாமா? வழிகாட்டிக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது, கட்டுரையின் முதல் படமே இதுதான் என்கிறார். எனக்குத்தான் எங்கோ உறுத்துகிறது.

பீம்லைன்வாசி எழுதியது:

உறுத்துவது நியாயம்தான். அந்த உறையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு இவற்றைச் சொல்லுங்கள்: எந்தெந்தச் செறிவில் அளந்தீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஆர்ஜி என்ன, ஐ-ஜீரோவிலிருந்து வரும் மூலக்கூறு எடை என்ன, கழிப்பதற்கு பஃபர் (புரதம் இல்லாத வெறும் கரைசல்) எங்கிருந்து எடுத்தீர்கள்? கினியே வரைபடம் எந்த கியூ வரை போகிறது என்பதும் வேண்டும்.

டாம்மிஃப் எந்த வளைவைக் கொடுத்தாலும் ஒரு வடிவம் தரும். கலவையைக் கொடுத்தாலும் தரும், திரண்டுபோன மாதிரியைக் கொடுத்தாலும் தரும். கை-ஸ்கொயர் 1.1 என்றால் 'இந்த வளைவைத் தரக்கூடிய ஒரு வடிவம் இருக்கிறது' என்று மட்டும்தான் பொருள். உங்கள் குழாயில் இருந்தது அதுதான் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ஓரத்தில்ஒருவன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வேதியியல் பட்டதாரி, இந்தப் பக்கம் வாசிப்பதோடு சரி. கியூ, ஆர்ஜி, கினியே, இதெல்லாம் என்ன என்று யாராவது நாலு வரியில் சொன்னால் இழையைத் தொடர வசதியாக இருக்கும்.

பழையகேமரா எழுதியது:

நாலு வரியில் முடியாது தம்பி, கொஞ்சம் நீளும்.

எக்ஸ்கதிர் ஒரு பொருளுக்குள் போனால் எலக்ட்ரான்களில் பட்டுச் சிதறும். அருகருகே இருக்கும் அணுக்களின் இடைவெளி பெரிய கோணத்தில் தெரியும். பெரிய நீளங்கள் சின்னக் கோணத்தில் தெரியும். தாமிர டியூபிலிருந்து வரும் கதிரின் அலைநீளம் 0.154 நானோமீட்டர். அதில் 1 நானோமீட்டர் நீளத்துக்கான சிதறல் கோணம் ஏறத்தாழ 9 டிகிரி, 10 நானோமீட்டருக்கு 0.9 டிகிரி, 100 நானோமீட்டருக்கு 0.09 டிகிரி. கடைசி எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டிடெக்டர் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் நேர்க்கதிர் விழும் புள்ளியிலிருந்து வெறும் ஒன்றரை மில்லிமீட்டர்! நேர்க்கதிரோ சிதறலைவிடப் பல்லாயிரம் மடங்கு பிரகாசம். அதை ஒரு சின்ன உலோகத் துண்டால் மறைக்க வேண்டும், பிளவுகளின் ஓரத்தில் பட்டுத் தெறிக்கும் வெட்டிச் சிதறலையும் அடக்க வேண்டும், பிறகு அந்த ஒன்றரை மில்லிமீட்டரில் அளக்கவும் வேண்டும். கிராட்ஸ் நகரில் ஓட்டோ கிராட்கி கட்டிய கேமராவின் சாமர்த்தியமே இதுதான். கதிரை மெல்லிய நீளக் கோடாக்கி, ஒரு பக்கத்து வெட்டிச் சிதறலை உலோகக் கட்டைகளால் அடியோடு வெட்டிவிட்டார். கோடாக்கியதால் வளைவு மழுங்கிப்போகும், அதைக் கணக்கால் திருப்பி எடுக்க வேண்டியிருந்தது. அது தனிக்கதை.

கியூ என்பது இந்தக் கோணத்தையே அலைநீளம் சாராமல் எழுதும் முறை: நாலு பை பெருக்கல் சைன் தீட்டா, அதை அலைநீளத்தால் வகுக்க வேண்டும், சிதறல் கோணம் இரண்டு தீட்டா, அலகு 1/நானோமீட்டர். இரண்டு பையை கியூவால் வகுத்தால் எந்த நீளத்தைப் பார்க்கிறோம் என்பது உத்தேசமாகக் கிடைக்கும்.

ஆர்ஜி என்பது துகளின் எலக்ட்ரான்கள் அதன் மையத்திலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு. ஆந்த்ரே கினியே 1939-ல் காட்டியது இது: மிகச் சின்னக் கோணத்தில் சிதறல் வலிமையின் மடக்கையை கியூ வர்க்கத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும், அதன் சரிவு ஆர்ஜி வர்க்கத்தில் மூன்றில் ஒரு பங்கு, எதிர்மறையாக. கோட்டை பூச்சியக் கோணத்துக்கு நீட்டினால் வருவது ஐ-ஜீரோ, அதிலிருந்து மூலக்கூறு எடை. அவர் புரதத்தில் தொடங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1938-ல் அலுமினியம்-தாமிரக் கலவை நாள்பட நாள்பட ஏன் கெட்டிப்படுகிறது என்று பார்த்தார். தாமிர அணுக்கள் ஓரிரு அணு கனத்துக்குத் தட்டுத்தட்டாகச் சேர்வதை எக்ஸ்கதிர்ச் சிதறல் காட்டிக்கொடுத்தது. அதே ஆண்டு பிரெஸ்டனும் தனியாக அதையே கண்டார். இன்றும் கினியே-பிரெஸ்டன் மண்டலங்கள் என்றுதான் பெயர். உயிரியல்காரர்கள் சாக்ஸ் தங்கள் சொத்து என்று பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

கரைசல்கிளி எழுதியது:

பழையகேமரா ஐயா, நன்றி. கிராட்கி கதை எனக்கும் புதிது.

பீம்லைன்வாசி கேட்டவை. மில்லிலிட்டருக்கு 1, 2, 4, 8 மில்லிகிராம் என்று அளந்தோம்.

1 மி.கி.: ஆர்ஜி 3.05, எடை 55 கிலோடால்டன்
2 மி.கி.: ஆர்ஜி 3.2, எடை 60
4 மி.கி.: ஆர்ஜி 3.35, எடை 65
8 மி.கி.: ஆர்ஜி 3.5, எடை 71

பஃபர் டயாலிசிஸ் செய்த அதே வெளிக்கரைசல்தான், கிளிசரால் 5 சதவீதம். கினியே வரைபடம் நாலிலும் அப்பழுக்கில்லாத நேர்கோடு. கியூ பெருக்கல் ஆர்ஜி 1.3-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். டாம்மிஃப்புக்கு 8 மி.கி. தரவைக் கொடுத்தேன், இரைச்சல் அதில்தான் குறைவு. நேர்கோடு வந்தால் மாதிரி ஒரே சீரானது என்றுதானே எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது?

பீம்லைன்வாசி எழுதியது:

கையேட்டை அவசரத்தில் தலைகீழாக வாசித்தால் இதுதான் நடக்கும். திரட்சி இருந்தால் கினியே வளையும். வளையவில்லை என்பதால் மாதிரி ஒரே சீரானது என்று ஆகிவிடாது. மோனமரும் (தனி மூலக்கூறு) டைமரும் (இரண்டு ஒட்டிய ஜோடி) கலந்திருந்தால், அளவு வித்தியாசம் ஒன்றரை மடங்குதான் என்பதால், 1.3 வரைக்கும் கோடு நேராகவே நிற்கும். நீங்கள் அளப்பது கலவையின் சராசரி ஆர்ஜி.

உங்கள் எண்களே பேசுகின்றன. செறிவு கூடக் கூட எடையும் ஆர்ஜியும் சேர்ந்து ஏறுகின்றன. 46 கிலோடால்டன் புரதத்துக்கு 71 வருகிறது என்றால், எடைக்கணக்கில் பாதிக்குச் சற்று மேல் டைமர். சிதறல் துகளின் எடைக்கும் ஏற்பக் கூடுவதால், 8 மி.கி. வளைவில் ஏறக்குறைய 70 சதவீதம் டைமரிடமிருந்து வந்தது. அந்த உறை வடிவத்தில் இடுப்புக்கு இரண்டு பக்கமும் தெரிபவை இரண்டு டொமைன்களா, இரண்டு மூலக்கூறுகளா? டாம்மிஃப்புக்குத் தெரியாது, அது கேட்கவும் கேட்காது.

நாலு செறிவையும் சேர்த்து மோனமர்-டைமர் சமநிலையாகப் போட்டுப் பார்த்தேன். பிரிகை மாறிலி (டைமர் எவ்வளவு எளிதில் பிரிகிறது என்பதன் அளவு) 140 மைக்ரோமோலார் பக்கம் வைத்தால் 55, 60, 65, 71 நாலுமே விழுகின்றன. அதே கணக்கில் மோனமரின் ஆர்ஜி 2.6, டைமருடையது 3.8 என்று எடுத்தால் உங்கள் ஆர்ஜி வரிசையும் அப்படியே வருகிறது. 2.6 என்பது படிகத்தின் 2.3-ஐவிட அதிகம்தான். ஆக ஏதோ திறப்பு இருக்கலாம். ஆனால் 3.5 அல்ல.

துகள்பித்தன் எழுதியது:

இதே வியாதி எங்கள் நானோதுகள் பக்கம் இன்னும் மோசம். புரதக்காரர்களுக்கு டைமர்தான் பிரச்சினை. எங்களுக்கு எந்தக் குடுவையிலும் எல்லா அளவும் இருக்கும்.

ஒரு கோளம் சிதறும் அளவு அதன் கன அளவின் வர்க்கத்துக்கு ஏற்ப, அதாவது ஆரத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப. பத்து மடங்கு பெரிய ஒரே ஒரு துகள், பத்து லட்சம் சின்னத் துகள்களுக்குச் சமமாகச் சத்தம் போடும். கினியேயிலிருந்து எடுக்கும் ஆர்ஜி இன்னும் ஒரு படி மேலே: எட்டாம் அடுக்குச் சராசரியை ஆறாம் அடுக்குச் சராசரியால் வகுத்து வர்க்கமூலம். நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தால் விட்டம் 20 நானோமீட்டர், பரவல் 20 சதவீதம், லாக்நார்மல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே குடுவையின் கினியே விட்டம் 26 பக்கம் வரும். இதை வைத்துக்கொண்டு 'எலக்ட்ரான் நுண்ணோக்கி சரியா, சாக்ஸ் சரியா' என்று சண்டை போடும் கட்டுரைகளை நிறையவே மதிப்பாய்வு செய்துவிட்டேன். இரண்டும் சரி. ஒருவர் தலையை எண்ணுகிறார், இன்னொருவர் குரலை எண்ணுகிறார்.

ஆனால் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. கோளம் என்றால் வளைவில் பள்ளங்கள் வரும். முதல் பள்ளம் கியூ பெருக்கல் ஆரம் 4.49-ல். ஆரம் 10 நானோமீட்டர் என்றால் கியூ 0.449-ல் பளிச்சென்று ஒரு குழி. பரவல் கூடக் கூட அந்தக் குழி தூர்ந்துபோகும். 15 சதவீதம் தாண்டினால் லேசான அலைதான் மிஞ்சும். எனவே குழியின் ஆழமே பரவலைச் சொல்லிவிடும். வால் பகுதியில் கியூவின் எதிர் நான்காம் அடுக்காக விழுந்தால் மேற்பரப்பு வழவழப்பு; போரோடு விதி. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே என்றால் சொரசொரப்பான மேற்பரப்பு. ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே என்றால் துகள்கள் கிளைகிளையாகச் சேர்ந்த கொத்தாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை அடிக்கோடிடுகிறேன். கியூ பத்து மடங்கு மாறும் நீளம்கூட இல்லாத நேர்கோட்டில் ஃபிராக்டல் (எந்த அளவில் பார்த்தாலும் ஒரே மாதிரியான கிளையமைப்பு) கண்டுபிடிப்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது.

சந்தேகப்பேர்வழி எழுதியது:

மொத்தமாகவே ஒரு கேள்வி. புரத அமைப்பைக் கணித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்ட் இருக்கிறது, மாதிரியை உறைய வைத்துப் படமெடுக்கும் கிரையோ நுண்ணோக்கி இருக்கிறது. பத்துப் பதினைந்து எண் மட்டும் தருகிற வளைவை வைத்துக்கொண்டு ஏன் இத்தனை மல்லாட வேண்டும்?

பீம்லைன்வாசி எழுதியது:

எண்ணிக்கையைச் சரியாகவே சொன்னீர்கள். கரைசல்கிளியின் தரவில் மிக நீண்ட தூரம் 12 நானோமீட்டர், கியூ 3 வரை என்று வைத்தால், 12 பெருக்கல் 3 வகுத்தல் பை, பதினொன்றரை. டிடெக்டரில் ஆயிரம் புள்ளி இருந்தாலும் சுதந்திரமான தகவல் அவ்வளவுதான். இதை வைத்து ஆயிரக்கணக்கான மணிகளை எங்கெங்கே வைப்பது என்று முடிவு செய்கிறது டாம்மிஃப். மணிகள் ஒட்டியிருக்க வேண்டும், கச்சிதமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள்தான் மீதித் தகவலைத் தருகின்றன. கண்ணாடிப் பிம்பத்தைக்கூட சாக்ஸால் பிரித்துச் சொல்ல முடியாது. இடக்கையும் வலக்கையும் ஒரே வளைவு.

ஆனால் இதிலேயே பலமும் இருக்கிறது. ஒரு மாதிரி வடிவம் தவறு என்று சொல்ல இந்தப் பதினோரு எண் ஏராளம். ஆல்ஃபாஃபோல்ட் டொமைன்களை நன்றாக மடித்துத் தரும். லிங்க்கர் எப்படி நிற்கிறது என்று கேட்டால் அதன் நம்பிக்கை மதிப்பெண்ணே கையை விரித்துவிடும். அங்கே சாக்ஸ் வளைவை வைத்தால் பாதி மாதிரிகளை அன்றே குப்பையில் போடலாம். 46 கிலோடால்டனில் கிரையோ நுண்ணோக்கி இன்னும் திணறும் இடம்தான். உறைய வைக்காமல், படிகமாக்காமல், இந்த உப்பில், இந்த வெப்பநிலையில், இந்த லிகண்டோடு (புரதத்தோடு ஒட்டும் மூலக்கூறு) என்று மாற்றி மாற்றி ஒரே நாளில் பார்க்க வேறு வழி குறைவு.

சந்தேகப்பேர்வழி எழுதியது:

'தவறு என்று சொல்லும் கருவி' என்றால் ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் அட்டைப்படத்தில் மணி உருண்டைகளை ஏன் போடுகிறார்கள்?

பழையகேமரா எழுதியது:

அழகாக இருக்கும் என்பதால்தான். இருந்தாலும் முழுக்க ஒதுக்கிவிட மாட்டேன். மாதிரி சுத்தமாக இருந்து, இருபது முறை ஓட்டி இருபதும் ஒரே குடும்பமாக வந்தால் அது ஒரு செய்திதான். தட்டா, குழலா, உள்ளே குழிவா என்பதை உறை நன்றாகவே சொல்லும். படிக அமைப்பே இல்லாத காலத்தில் எங்களுக்கு அதைவிட வேறு கதி இல்லை. பீம்லைன்வாசி அதைக் கண்டாலே எரிந்து விழுவது கொஞ்சம் ஓவர்.

பீம்லைன்வாசி எழுதியது:

இருபதும் ஒரே குடும்பமாக வந்தாலும், கொடுத்த வளைவு கலவையாக இருந்தால் இருபதும் ஒரே தவறுதான் ஐயா. எரிந்து விழுவது அதனால்தான்.

கரைசல்கிளி எழுதியது:

சண்டை வேண்டாம் :) அப்படியானால் மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் வடிகட்டிக் குழாயோடு இணைத்து, வெளியே வர வர அளந்தால் டைமர் தனியாக, மோனமர் தனியாகப் பிரிந்துவிடும் அல்லவா? அடுத்த வாரம் நேரம் கிடைத்திருக்கிறது.

உப்புக்கல் எழுதியது:

இழையை ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், இங்கே சொல்லியே ஆக வேண்டும். உங்கள் பிரிகை மாறிலி 140 மைக்ரோமோலார். அது பலவீனமான டைமர். அநேகமாக நொடிக்கு நொடி சேர்ந்தும் பிரிந்தும் இருக்கும். அப்படியானால் ஜெல் குழாய் இரண்டு சிகரம் தராது, ஒரே சிகரம்தான் வரும், அதற்குள் கலவை. 8 மி.கி. ஏற்றினாலும் சிகர உச்சியில் 1 மி.கி. பக்கம் நீர்த்திருக்கும்; அங்கேயும் பதினைந்து, இருபது சதவீதம் டைமர் இருக்கும். திரட்சியைக் களைய ஜெல் குழாய் அருமை, சமநிலையை அது பிரிக்காது. சிகரம் நெடுக ஆர்ஜியையும் எடையையும் வரைந்து பாருங்கள். மேடு மாதிரி எழுந்து இறங்கினால் சமநிலை. தட்டையாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

இன்னொன்று. பஃபர். தண்ணீரின் சிதறல் 20 டிகிரி வெப்பத்தில் சென்டிமீட்டருக்கு 0.0163. 1 மி.கி. செறிவில் உங்கள் புரதம் முன்னோக்கிச் சிதறுவது அதைவிட இரண்டு மடங்கு அவ்வளவே. கியூ 2-ஐத் தாண்டினால் அது தண்ணீரின் ஓரிரு சதவீதமாகிவிடும். அங்கே பஃபரைக் கழிப்பதில் ஒரு சதவீதம் பிசகினால் நீங்கள் பார்ப்பது புரதம் அல்ல, பிசகு. லிங்க்கர் துவள்கிறதா என்று கிராட்கி வரைபடத்தில் (சிதறல் வலிமையை கியூ வர்க்கத்தால் பெருக்கி வரைவது) பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். குறைவாகக் கழித்தால் விறைப்பான புரதமும் வால் தூக்கிக்கொண்டு துவள்வது போலத் தெரியும். சிகரத்துக்கு முன்னும் பின்னும் குழாயிலிருந்து வரும் பஃபரையே எடுங்கள். முன்னும் பின்னும் ஒத்துப்போகவில்லை என்றால், கதிரடி பட்ட புரதம் மாதிரி வைக்கும் கலத்தின் சுவரில் ஒட்டத் தொடங்கியிருக்கலாம்.

கிளிசரால் விஷயம்: கதிர்ச் சேதத்தைத் தணிக்க 5 சதவீதம் நல்லதுதான். அதற்கு மேல் ஏற்றாதீர்கள். தண்ணீரில் ஒரு கன நானோமீட்டருக்கு 334 எலக்ட்ரான். புரதத்தில் 420-க்கு மேல். உங்கள் சிக்னல் முழுக்க அந்த வித்தியாசத்தின் வர்க்கத்தில்தான் நிற்கிறது. கரைப்பானை அடர்த்தியாக்கினால் புரதம் அதற்குள் மங்கும்.

நியூட்ரான்ரசிகர் எழுதியது:

மங்குவதையே ஆயுதமாக்குபவர்கள் நாங்கள். கனநீரை 42 சதவீதம் பக்கம் கலந்தால் நியூட்ரானுக்குப் புரதம் மறைந்துபோகும், 65 பக்கம் கலந்தால் டிஎன்ஏ மறைந்துபோகும். புரதம்-டிஎன்ஏ கூட்டில் ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை மட்டும் பார்க்கலாம். உங்களுக்கு இப்போது தேவை இல்லை; ஒரு டொமைனில் மட்டும் டியூட்டீரியம் (கனஹைட்ரஜன்) ஏற்றிச் செய்ய ஆசை வந்தால் கூப்பிடுங்கள். கதிர் மெலிது, நேரம் அதிகம் பிடிக்கும், மாதிரியும் அதிகம் கேட்கும். பதிலுக்குக் கதிர்ச் சேதம் என்ற தலைவலி கிடையாது.

கரைசல்கிளி எழுதியது:

அளந்து முடித்தாயிற்று. உப்புக்கல் சொன்னபடியே ஒரே சிகரம். உச்சியில் ஆர்ஜி 3.0, எடை 54. இரு ஓரங்களிலும் இறங்கி, பின்பக்கச் சரிவில் 0.2 மி.கி. இருக்கும் இடத்தில் ஆர்ஜி 2.75, எடை 49. மேடேதான். முன்னும் பின்னும் எடுத்த பஃபர் ஒன்றின்மேல் ஒன்று உட்காருகிறது.

பின்சரிவுத் தரவை எடுத்து, பழைய செறிவு வரிசையோடு சேர்த்துப் பூச்சியச் செறிவுக்கு நீட்டினால் ஆர்ஜி 2.6. இப்போது படிக அமைப்போடு ஒப்பிட்டால் கை-ஸ்கொயர் 3 பக்கம். முன்பு 20-ஐத் தாண்டியது! இயல்பாக்கிய கிராட்கியில் சிகரம் கியூ-ஆர்ஜி 1.9 பக்கம், உயரம் 1.2. விறைப்பான உருண்டைக்கு 1.73, 1.1 என்று இருக்க வேண்டுமாம். அவ்வளவு தூரம் போகவில்லை, ஆனால் அங்கேயும் இல்லை.

பீம்லைன்வாசி எழுதியது:

நல்ல தரவு. 'திறந்த நிலை' என்று எழுதும் முன் இன்னொன்றைப் பாருங்கள். நீங்கள் அளந்த புரதத்தில் ஹிஸ்டிடின் வால் (சுத்திகரிக்க வசதியாகச் சேர்க்கும் அமினோ அமிலத் துண்டு) இருக்கிறதா? படிக அமைப்பில் தெரியாமல் விடுபட்ட பகுதி எவ்வளவு? படிகத்தில் காணாமல் போன இருபது முப்பது அமினோ அமிலம் கரைசலில் காணாமல் போகாது. வெளியே நீட்டிக்கொண்டு ஆர்ஜியை ஏற்றும். மேலே ஒட்டியிருக்கும் நீர்ப்படலமும் கொஞ்சம் ஏற்றும், அதை கிரைசால் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும். வாலை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

கரைசல்கிளி எழுதியது:

முன்முனையில் வாலோடு சேர்த்து 24 அமினோ அமிலம் படிகத்தில் இல்லை. அவற்றைக் கட்டிச் சேர்த்து, டொமைன்களை மூடிய நிலையிலேயே வைத்து, வாலை மட்டும் பல கோலங்களில் விட்டுப் பார்த்தேன். ஆர்ஜி 2.45 பக்கம் போகிறது. கை-ஸ்கொயர் 1.8. மீதி வித்தியாசத்துக்கு டொமைன் நகர வேண்டியிருக்கிறது. லிங்க்கரையும் அசைய விட்டு இஓஎம் (பல கோலங்களின் கூட்டத்தை வளைவுக்குப் பொருத்தும் நிரல்) ஓட்டினால் கை-ஸ்கொயர் 1.1, கூட்டத்தில் பெரும்பாலானவை மூடியவை, ஒரு பங்கு திறந்தவை என்று ஆர்ஜி பரவலில் இரண்டு கூம்புகள் வருகின்றன. இதையாவது எழுதலாமா?

உப்புக்கல் எழுதியது:

இரண்டு கூம்பு என்று எழுத வேண்டாம் என்பது என் கட்சி. 'மூடிய நிலை மட்டும் போதாது, கொஞ்சம் விரிந்த கோலங்களும் தேவை' என்பதற்கு உங்கள் தரவு தாங்கும். கூட்டத்தில் எத்தனை சதவீதம் எது என்பதற்குத் தாங்காது. பின்சரிவில் இன்னும் ஐந்தாறு சதவீதம் டைமர் மிச்சம் இருக்கிறது, ஆர்ஜி 2.75-க்கும் 2.6-க்கும் உள்ள இடைவெளி அதுதான். அதையே இஓஎம் 'திறந்த கோலம்' என்று பெயர் மாற்றிக்கூட எடுத்திருக்கலாம். எந்த வளைவை அதற்குக் கொடுத்தீர்கள்?

கரைசல்கிளி எழுதியது:

நீட்டி எடுத்த வளைவைத்தான். ஆனால் சின்ன கியூவில்தான் நீட்ட முடிந்தது; பெரிய கியூவில் 8 மி.கி. தரவை ஒட்டியிருக்கிறேன்.

பழையகேமரா எழுதியது:

ஒட்டுவது வழக்கம்தான், ஆனால் டைமர் உள்ள தரவில் ஒட்டு போடும் இடம் எங்கே என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு வளைவும் எந்த கியூவிலிருந்து ஒன்றாகின்றன? கியூ 1.5-க்குக் கீழே ஒட்டியிருந்தால் டைமரின் நிழல் உள்ளே வந்திருக்கும்.

கரைசல்கிளி எழுதியது:

1.2-ல் ஒட்டியிருக்கிறேன். பின்சரிவுத் தரவில் அதற்கு மேல் இரைச்சல் தாங்கவில்லை.

உப்புக்கல் எழுதியது:

ஒட்டாமல் வேறு மாதிரி செய்யுங்கள். ஐந்து வளைவுகளையும் தனித்தனியாக வைத்து, ஒரே மோனமர் மாதிரி, ஒரே டைமர் மாதிரி, ஒரே பிரிகை மாறிலி என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பொருத்துங்கள். படிகத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொடும் பரப்புகள் இரண்டு மூன்று இருக்கும். அவற்றில் எது டைமரின் 3.8-ஐத் தருகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். தெரிந்தால் அந்தப் பரப்பில் ஒரு அமினோ அமிலத்தை மாற்றி டைமரையே உடைக்கலாம். உடைந்த புரதத்தில் 5 மி.கி. வரை ஆர்ஜி அசையாமல் 2.6-ல் நின்றால், பிறகு இஓஎம் ஓட்டுங்கள், கூம்பைப் பற்றி அப்போது பேசலாம்.

கரைசல்கிளி எழுதியது:

படிகத்தில் இரண்டு பரப்பு இருக்கிறது. ஒன்றில் கணக்கிட்டால் டைமர் ஆர்ஜி 3.1, இன்னொன்றில் 3.7. இரண்டாவதில் லூசின் ஒன்று நடுவில் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதை அர்ஜினினாக மாற்ற பிரைமர் எழுதிவிட்டேன். முதல் படத்தை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் செறிவுக்கு எதிரான ஆர்ஜி வரைபடம் போகிறது, வழிகாட்டி முகத்தைச் சுளித்தார், ஆனால் சரி என்றுவிட்டார்.

பீம்லைன்வாசி எழுதியது:

கழிக்காத மூலத் தரவையும் பஃபர் வளைவுகளையும் சேர்த்து எஸ்ஏஎஸ்பிடிபி தரவுக்கிடங்கில் ஏற்றிவிடுங்கள். பிரிகை மாறிலிக்கு அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜ் (அதிவேகமாகச் சுழற்றி மூலக்கூறு எடை பார்க்கும் கருவி) ஒரு தடவை ஓட்டினால் நல்லது; மதிப்பாய்வில் நான் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன்.

துகள்பித்தன் எழுதியது:

லூசின் மாற்றிய புரதம் தயாரானதும் இதே இழையில் போடுங்கள், புது இழை தொடங்க வேண்டாம்.